நூறு சொட்டு

“இந்த எண்ணை அளந்தது யார்?”

என் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியை பச்சை மையில் எழுதியிருந்தது இவ்வளவுதான். அம்புக்குறி நான் எழுதிய ஒரு வாக்கியத்தைக் காட்டியது: நிமிடத்துக்கு அறுபது சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் இருபது லிட்டர் தண்ணீரை வீணாக்குகிறது. அதற்குக் கீழே ஒன்றல்ல, மூன்று சான்றுகள் கொடுத்திருந்தேன். இன்னும் என்ன வேண்டுமாம் என்று கோபம் வந்தது. கேட்கவில்லை. நான் வகுப்பில் வாய் திறக்கிற ரகம் இல்லை.

முதுகலை வேதியியலில் எனக்கு இடம் கிடைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. வகுப்பு தொடங்குவதற்குள் கட்டுரைப் பயிற்சியில் தேற வேண்டும். பத்தி பிரிப்பது, வாக்கியத்தைப் பிழையில்லாமல் முடிப்பது, எது யார் சொன்னது என்று காட்டுவது. ஒருமுறை தோற்றாயிற்று. இந்த முறையும் தோற்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். கட்டுரை என் கைக்குத் திரும்பியது வியாழக்கிழமை. திருத்திக் கொடுக்கத் திங்கள் வரை நேரம்.

அன்று மாலையே மூன்று சான்றுகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாவது ஒரு துண்டுப் பிரசுரம். எண்ணை ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து எடுத்ததாகச் சொன்னது. பத்திரிகை ஒரு இணையதளத்தைக் காட்டியது. இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள், அந்தத் துண்டுப் பிரசுரத்துக்கு. மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு வட்டமாக நின்றார்கள். தண்ணீரைத் தொட்டவர் யாருமில்லை.

ஆய்வகத்தில் ப்யூரெட் என்ற மெல்லிய அளவுக் குழாயிலிருந்து இருபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லிலிட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாலே கால் லிட்டர்தான் வந்தது. நாலா, இருபதா? தோற்றுவிடுவோமோ என்ற பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

பயிற்சி ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வரிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. “நானே அளக்கலாமா?” பதில் உடனே வந்தது: “தாராளமாக. எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.”

ஒழுகும் குழாய்க்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் குளியலறைக் குழாய் இரண்டு மாதமாக ஒழுகுகிறது. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வீட்டுக் குழாய்க்கு மட்டும் அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் அண்ணி எனக்கு ஒரு பெரிய சிரிஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை நூறு சொட்டுகளை ஒரு டம்ளரில் பிடித்து, சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். இருபத்து நாலு மில்லிலிட்டர். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு இருபது லிட்டரும் கொஞ்சமும்.

அந்த மூவரும் சொன்னது சரி. அளக்காமலே சரி. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாயங்காலம் இன்னும் இரண்டு தடவை பார்த்துவிடலாம் என்று வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் குளியலறை வாசலில் ஸ்பானரோடு நின்றிருந்தான்.

“பாத்தியா? இனிமே ஒரு சொட்டு விழாது.”

“ஏண்ணா சரி பண்ணே?” என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

“ரெண்டு மாசமா பண்ணு பண்ணுன்னு உயிரை எடுத்தீங்க. பண்ணினா ஏன் பண்ணேங்கறே. இந்த வீட்ல மனுஷன் எப்படித்தான் இருக்கறது?”

“ஊர்ல உள்ள லிஃப்டெல்லாம் ஓடுது,” என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. “இன்னிக்குன்னு பாத்துதான் அய்யாவுக்கு இது கண்ல பட்டுது.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குழாயை மயிரிழை அளவுக்குத் திறந்துவிட்டான். சொட்டு விழ ஆரம்பித்தது. “இந்தா, உன் ஓட்டை. எண்ணிக்கோ.”

எண்ணினேன். இருபத்து நாலு. மறுபடியும் இருபத்து நாலு. மூன்றாம் முறை எண்ணும்போது அண்ணி தோளில் துண்டோடு வந்து நின்றாள்.

“நான் குளிக்கணுமா வேண்டாமா? போய் சமையலறைல எண்ணும்மா. அங்க மட்டும் என்ன, மோரா வருது?”

சமையலறைக் குழாயை மெல்லத் திறந்து நூறு சொட்டு பிடித்தேன். பதினைந்து மில்லிலிட்டர். தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினேன். பதினைந்து. மறுபடி. பதினைந்து.

“பாத்ரூமை மட்டும் எழுதிடு,” என்றான் அண்ணன். “மூணு பேர் இருபதுங்கறான், உனக்கும் இருபது வந்துடுச்சு. யார் வந்து நம்ம சமையல்கட்டை எட்டிப் பாக்கப் போறா?”

யாரும் பார்க்கப் போவதில்லைதான். சமையலறையை விட்டுவிட்டால் கட்டுரை அந்த நிமிடமே தயார். சேர்த்தால் அதன் முதல் வாக்கியமே ஆட்டம் கண்டுவிடும். கையில் இருப்பது மூன்று நாள்.

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். “ஒரே வீட்டுக் குழாய் ரெண்டுக்கே ஆகல. மத்தவங்க வீட்ல எப்படியோ,” என்றாள், சும்மா பேச்சுக்கு. எனக்கு அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். நாலு வருடமாக இருக்கிறோம். நான் அதில் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை. சனிக்கிழமை காலை சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு கீழே இறங்கினேன். முதல் வீட்டில் ஆளில்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டாவதில் வேன் ஓட்டுநர் கதவைப் பாதி திறந்தார். என் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார்.

“தண்ணி ஆபீஸா? எங்க வீட்ல ஒழுகறதே இல்லை.”

உள்ளே ஏதோ பாத்திரத்தில் ணங், ணங் என்று விழுந்துகொண்டிருந்தது. இருவரும் கேட்டோம்.

“அது பக்கத்து வீடு,” என்றார்.

“பக்கத்து வீட்டுச் சொட்டுல ஒரு நூறு மட்டும் எடுத்துக்கட்டுங்களா?”

இது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று தெரியவில்லை. அவர் சிரித்துக் கதவைத் திறந்துவிட்டார். “வீட்டு நம்பரைப் போடக் கூடாது, சொல்லிட்டேன்.” அங்கே பன்னிரண்டு மில்லிலிட்டர்.

அடுத்த வீடு தையல்கார அக்காவுடையது. விஷயத்தைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினார்.

“இதுல என் பேர் வருமா?”

“வரணுங்களா அக்கா?”

“பின்னே? ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைக்கறேன். எதிலயாவது என் பேர் இருக்கா?” பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, நான் எழுதியதைச் சரிபார்த்த பிறகே உள்ளே விட்டார். நான் எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். எழுபதைத் தாண்டியபோது பொறுமை போய்விட்டது.

“எண்ணிக்கிட்டே இருக்கியே, வாயை அளந்தியா?”

“எந்த வாய்?”

“குழாய் வாய்தான். கழுத்தை அகலமா வெட்டினா துணி நிறையத் தொங்கும். அகல வாயா இருந்தா சொட்டும் பெருசாத்தானே தொங்கும்?” கழுத்திலிருந்த டேப்பை உருவி நீட்டினார்.

பன்னிரண்டு மில்லிமீட்டர் வாய். நூறு சொட்டுக்குப் பதினெட்டு மில்லிலிட்டர்.

டேப்போடு மேலே ஓடினேன். குளியலறை பதினாறு. சமையலறை பத்து. மறுபடி இறங்கி ஓட்டுநர் வீட்டைத் தட்டினேன்.

“மறுபடியுமா? பக்கத்து வீடு பூட்டியிருக்கும்மா,” என்றபடியே வழிவிட்டார். எட்டு.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து, வாய் அகலத்தையும் சொட்டின் அளவையும் வரைபடமாகப் புள்ளி வைத்தேன். நாலு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் நின்றன. ஞாயிறு மாலைக்குள் ஒன்பது குழாய்கள் ஆயின. ஒன்றிரண்டு கோட்டிலிருந்து லேசாக விலகின, அவ்வளவுதான். இருபது லிட்டர் பொய்யல்ல. அது அகல வாய்க் குழாயின் எண். எந்தக் குழாய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். வாய் அகலத்துக்கும் சொட்டுக்கும் உள்ள உறவு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் சான்றாகப் போட்டால் கட்டுரை கௌரவமாக இருக்கும். ஆனால் குழாயடியில் அந்தப் பாடம் எனக்கு நினைவு வரவில்லை. பார்த்துச் சொன்னது அக்கா. சான்றுப் பட்டியலில் இரண்டையும் சேர்த்தேன்: புத்தகம், பக்க எண்; அதன் கீழே அக்காவின் பெயர், தையற்கலைஞர், நேர்ப்பேச்சு, தேதி. ஓட்டுநர், பெயர் வெளியிட விரும்பாத குடியிருப்பாளர் ஆனார்.

“தையல்காரங்க எல்லாம் சான்றா?” என்றான் அண்ணன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “சிரிச்சுட்டுத் திரும்ப அனுப்பப் போறாங்க பாரு.”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. விரலை அழிக்கும் பொத்தானில் வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அனுப்பினேன்.

புதன்கிழமை பதில் வந்தது. முதல் சொல்லைத்தான் தேடினேன். தேர்ச்சி. அண்ணி சத்தமாகக் கைதட்டினாள். அண்ணன் திரையைத் தன் பக்கம் இழுத்து அவனே ஒருமுறை படித்துக்கொண்டான். நான்காம் பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழைகள் என்றும், பட்டியலில் தையற்கலைஞர் என்ற இடத்தில் ஊரையும் சேர்க்கலாம் என்றும் குறிப்புகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு பத்தி:

“நீங்கள் எழுதிய முறைப்படியே நேற்று என் வீட்டில் அளந்தேன். வாய் பதினான்கு மில்லிமீட்டர். உங்கள் கோட்டின்படி இருபத்தொன்று வர வேண்டும். மூன்று முறையும் பத்தொன்பதுதான் வந்தது. நான் எங்கே தவறினேன்?”

இரண்டு மில்லிலிட்டர். எண்ணிக்கைப் பிழை என்றால் மூன்று முறையும் ஒரே மாதிரி வராது. சோப்பா? வாயில் உப்புப் படிந்திருக்குமா? தண்ணீர் சூடாக இருந்தால் சொட்டு சிறுத்துவிடுமே. அண்ணி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை, வணக்கம்கூட இல்லை. “அது சுடுதண்ணீர்க் குழாயா?” என்று மட்டும் கேட்டிருந்தேன்.