திரவியம் வரும் வழி

நாச்சியாரின் ரத்தத்தில் மருந்து இல்லை. லலிதாம்பாள் சோதனையை மறுபடியும் செய்து பார்த்தாள். அதே முடிவுதான். வலிப்புக்காக மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போகிற ஒருத்தியின் ரத்தத்தில் அதன் சுவடுகூட இல்லையென்றால், அவள் அதை விழுங்குவதே இல்லை என்றுதான் அர்த்தம்.

அது எண்பத்து நான்காம் வருஷம். லலிதாம்பாள் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். வலிப்பு வரும் மூளையில் புரதங்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எலிகளின் மூளையை ஐஸில் வைத்து அரைத்து, வேகமாகச் சுழற்றிப் பிரித்து, நரம்பின் சுவரில் இருக்கும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது கூடுதல் வேலை. நோயாளிகளோடு அவள் பேசுவது அபூர்வம்.

அன்றைக்கு டாக்டரே அவளைக் கூப்பிட்டனுப்பினார். தான் எது கேட்டாலும் நாச்சியார் தலையை மட்டும் ஆட்டுவதாகச் சொன்னார். "லலிதே, தமிழில் ஒந்நு சோதிச்சு நோக்கூ" என்று, தமிழில் கேட்டுப் பார்க்கும்படி மலையாளத்தில் சொன்னார். கரமனை அக்ரஹாரத்துப் பெண்ணான லலிதாம்பாள் தமிழில் கேட்டால் நாச்சியார் வாயைத் திறப்பாளோ என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

நாச்சியாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் மாவாட்டும் வேலை. இடது முன்கையில் ஒரு தீக்காயம் பளபளத்தது. கூட வந்திருந்தவள் அதே ஓட்டலில் பாத்திரம் துலக்கும் உலகம்மாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. தோசைக்கல்லுப் பக்கத்துல விழுந்துட்டா. நான் பிடிக்கலைன்னா மொகம் போயிருக்கும். மாத்திரையைத் திங்கேன் திங்கேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுதா" என்றாள் உலகம்மாள்.

லலிதாம்பாள் நாச்சியாரை மட்டும் வராந்தாவின் கோடியிலிருந்த பெஞ்சுக்கு அழைத்துப் போனாள்.

"மாத்திரை ஒத்துக்கலையா? தலை சுத்தறதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லே. லேப்ல வேலை. பின்னே ஏன் சாப்பிடறதில்லே?"

நாச்சியார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முதல்ல ஒரு மாசம் ஒழுங்காத் தின்னேன். அவுக வரல."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

அவள் புருஷன் திரவியம் கொத்தனார். எழுபத்தேழில், திருட்டுத்தனமாக ஆள் ஏற்றிப் போகும் கள்ள லாஞ்சுப் படகில் ஏறித் துபாய்க்குப் போனான். போய்ச் சேர்ந்ததும் ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது.

"முதல்ல ஈரச் சுண்ணாம்பு வாசம் வரும். சித்தாள் வேலைக்கு அவுக கூடத்தான் போவேன், எனக்குத் தெரியாதா அந்த வாசம்? பொறவு முதுகுக்குப் பின்னால ஆள் வந்து நிக்கும். திரும்பிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. ஆனா வந்துட்டாகன்னு நெஞ்சுக்குத் தெரியும். இந்தா கூப்பிடப் போறாகன்னு இருக்கும். அம்புட்டுதான். முழிச்சா தரையில கெடப்பேன்."

நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பில் இப்படி நேரும் என்று லலிதாம்பாள் படித்திருக்கிறாள். இல்லாத வாசனை வரும், இல்லாத ஆள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அதை ஒருத்தி வாயால் சொல்லி, சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. அது உன் புருஷன் இல்லை, வியாதி என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

நாச்சியாரை எழுப்பித் தன் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐஸ் பாத்திரத்தில் செருகியிருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். உள்ளே வெளிறிய கூழ் இருந்தது.

"எலியோட மூளை. அரைச்சு வெச்சிருக்கேன்."

நாச்சியார் குனிந்து பார்த்தாள். "அப்ப நீங்களும் மாவாட்டுதவகதான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் லலிதாம்பாளுக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று பிடிபட்டது.

"நரம்போட சுவர்ல கண்ணுக்குத் தெரியாத கதவெல்லாம் இருக்கு. புரதத்தால ஆன கதவு. அது திறந்தா உப்பு உள்ளே போகும், நரம்பு துடிக்கும். துடிச்ச உடனே கதவு மூடிக்கும். உங்களுக்கு ஒரு இடத்துல அடங்காம மறுபடி மறுபடி திறக்கறது. பக்கத்துல இருக்கற நரம்பெல்லாம் சேர்ந்து துடிக்கறது. அதான் வலிப்பு. இந்த மாத்திரை போய் அந்தக் கதவைப் பிடிச்சுண்டு, அடுத்தடுத்துத் திறக்க விடாது."

நாச்சியார் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "கதவைச் சாத்திட்டா அவுக எது வழியா வருவாக?" என்றாள்.

அன்று மாலை லலிதாம்பாள் கரமனை பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. செத்துப்போன தன் அம்மா அப்படி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாள் என்றால், தான் மாத்திரை தின்போமா என்று யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாசி மாதத்தில் நாச்சியார் மறுபடி அடுப்படியில் விழுந்தாள். இந்தத் தடவை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்கிப் பிடிக்க ஓடிய உலகம்மாளின் மேல் கொதிக்கும் சாம்பார் சரிந்து, வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. பல வாரம் அவளால் பாத்திரம் துலக்க முடியவில்லை. நாச்சியார்தான் அவளுக்குச் சோறு ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள். அந்த முதல் நாள் ஊட்டி முடித்ததும், உலகம்மாளின் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு விடவில்லை.

வலிப்பு நின்றது. அடுத்த சோதனையில் ரத்தத்தில் மருந்து வேண்டிய அளவு இருந்தது. லலிதாம்பாள் சந்தோஷமாக அதைச் சொல்ல வந்தவள், நாச்சியாரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"தம்பானூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டுதாக," என்றாள் நாச்சியார். "சுண்ணாம்பு நனைச்சுப் போட்டிருந்துச்சு. போய் நின்னு பாத்தேன். அதே வாசந்தான். வாசம் மட்டுந்தான் வந்துச்சு."

பிறகு, "என் கூட ஒரு எடத்துக்கு வாரீகளா?" என்று கேட்டாள். பாலராமபுரத்தில் வேல்சாமி என்று ஒருவர். திரவியத்தோடு அதே லாஞ்சில் போனவர், ஊர் திரும்பி நாளாகிவிட்டது. இதுவரை அவள் போய்ப் பார்க்கவில்லை.

"ஏன் போகலே?"

"எங்கிட்ட வந்து போறவகளைப் பத்தி ஊராள்கிட்ட எதுக்குக் கேக்கணும்? இப்ப கேக்கணும்போல இருக்கு. உலகம்மாளைக் கூட்டிட்டுப் போனா எனக்கு முன்னால அவ அழுதுருவா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். வேல்சாமி புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாச்சியார் யாரென்று தெரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"லாஞ்சுக்காரன் கரைக்குக் கிட்டக் கொண்டு போகல. போலீஸ் வந்துரும்னு தூரத்துலயே எங்களை எறங்கச் சொல்லிட்டான். எல்லாரும் குதிச்சோம். திரவியண்ணன் எனக்கு முன்னாடி குதிச்சாரு. கரை ஏறிப் பாத்தா அவரைக் காணல."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாமே" என்றாள் லலிதாம்பாள்.

"என்னன்னும்மா சொல்ல? செத்ததை நான் பாக்கலையே. வேற பக்கம் கரை ஏறியிருப்பாருன்னு நெனைச்சேன். எங்கயாவது வேலை நடக்குத எடத்துல பாத்துருவேன்னு அங்க இருந்த வரைக்கும் தேடினேன்."

"அவுகளுக்கு நீச்சல் தெரியாது" என்றாள் நாச்சியார். "கரமனை ஆத்துலயே முழங்காலுக்கு மேல எறங்க மாட்டாக."

வேல்சாமியின் மனைவி காப்பி கொண்டுவந்தாள். நாச்சியார் வேண்டாமென்று சொல்லாமல் முழுவதும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நேமம் தாண்டியதும் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லலிதாம்பாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டாள். கரமனையில் இறங்காமல் கிழக்கேகோட்டை வரை போய், அவளை உலகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மழைக்காலம் வந்தது. நாச்சியார் வழக்கம்போல ரத்தம் கொடுக்க வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஓட்டலில் இப்போது அவளை மறுபடி அடுப்புப் பக்கம் விடுகிறார்களாம்.

"வாசம் எதாவது வரதா?" என்று கேட்டாள் லலிதாம்பாள்.

"இல்லக்கா." கையை நீட்டினாள். "சில நாளு காலைல மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு நின்னுருவேன். இன்னைக்கு ஒருநாள் விட்டா என்னன்னு தோணும். அவுக போயிட்டாக, தெரியும். தெரிஞ்சும் ஒருக்க வந்து நின்னா போதும்னு இருக்கு."

"அப்போ என்ன பண்ணுவேள்?"

"தின்னுருவேன். உலகம்மா பாத்துக்கிட்டேல்லா நிக்கா."

லலிதாம்பாள் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. இருந்தாலும் அவள் கையை எடுக்கவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.