நாலாவது பெயர்

மூன்று பேராக எங்கும் கிளம்பக் கூடாது. வேறு எதை நம்பாவிட்டாலும் புவனேஸ்வரன் இதை நம்புவார். பெண் பார்க்கப் போனாலும் சரி, பழைய கார் பார்க்கப் போனாலும் சரி, மூன்று பேர் சேர்ந்துவிட்டால் வாசலிலேயே நின்று நாலாவதாக ஓர் ஆளைத் தேடுவார். ஆள் அகப்படாவிட்டால் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால்தான் அவருக்குக் கால் நகரும். அவர் மனைவி பிரமிளா அப்படி ஒரு கல்லாகத்தான் இந்த அமெரிக்க ஆற்று விவகாரத்துக்குள் விழுந்தாள்.

ஆறு இருப்பது யூட்டா என்ற மாநிலத்தின் பாலைவனத்தில். இரண்டு பக்கமும் வானம் வரைக்கும் செம்பாறை, நடுவில் பழுப்புத் தண்ணீர். ரப்பர் படகில் ஏறினால் ஆறு நாள் கழித்துத்தான் இறங்க முடியும். நடுவில் சாலை இல்லை, போன் எடுக்காது, ஒரு கடை கண்ணி கிடையாது. பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் புவனேஸ்வரனுக்கு அந்த ஆற்றின் மேல் எப்படி ஆசை வந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆறு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

ஆசைப்பட்டால் மட்டும் போய்விட முடியாது. பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்குக் குலுக்கல். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பம் போடலாம். யார் பெயருக்கு விழுகிறதோ அவர்தான் தலைவர். தலைவர் பாஸ்போர்ட்டோடு படகுத்துறையில் நிற்க வேண்டும், கடைசி நாள் வரை படகில் இருக்க வேண்டும், அந்த இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. இந்த விதிகளையெல்லாம் வாசித்து விண்ணப்பம் நிரப்புவது வருடா வருடம் பிரமிளாவின் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் பாரம், அதாவது படிவம், நிரப்பியே பழகியவள் அவள். வீட்டில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அவள் மடியில்தான் விழும்.

புவனேஸ்வரன், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா, பள்ளித் தோழர் ஜெயராஜ், அப்புறம் சின்னையா. ஐந்து வருடமாக இந்த நாலு பேர்தான். சின்னையா ஜொகூருக்குக் குடிபோய்விட்டதால் போன டிசம்பரில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"மூணு பேரு வேணாம்லா. உன் பேரைச் சேத்துப் போடு. சும்மா ஒரு பேருக்குத்தான்," என்றார் புவனேஸ்வரன்.

சும்மாதானே என்று பிரமிளாவும் போட்டாள். பழக்க தோஷத்தில் மற்ற மூவருக்கும் செய்தது போலவே தன் பெயரிலும் ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை ஆண்கள் மூவருக்கும் 'இம்முறை கிடைக்கவில்லை' என்று ஈமெயில் வந்தது. தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்திருந்த பிரமிளாவுக்கு வந்தது வேறு. வாழ்த்துகள், குழுத் தலைவர் பிரமிளா அவர்களே. ஜூன் ஒன்பதாம் தேதி புறப்பாடு. மார்ச் பதினைந்து நள்ளிரவுக்குள் ஒப்புதல் தராவிட்டால் பெர்மிட் ரத்தாகிவிடும்.

கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

பிரமிளாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். சாதாரணப் பயமில்லை. இரண்டாயிரத்துப் பதினேழு நவம்பர் வெள்ளத்தில் ஆயர் ஈத்தாமிலிருந்து வரும்போது அவள் கார் நடுரோட்டில் நின்றுபோனது. தண்ணீர் முதலில் காலை நனைத்தது, பிறகு மடியில் ஏறியது, பிறகு மார்புக்கு வந்தது. கதவு திறக்கவில்லை. யாரோ ஒரு சீனப் பெரியவர் கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவள் ஃபெரியில் ஏறுவதில்லை. அக்கரை பட்டர்வொர்த்துக்குக் கடற்பாலத்தில் போனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போவாள். இப்படிப்பட்டவளைத்தான் அந்தக் குலுக்கல் தலைவராக்கியிருந்தது.

அன்று மாலை புவனேஸ்வரன் கேட்டார்: "உனக்கு என்ன வந்துச்சு?"

"எல்லாருக்கும் வந்ததுதான் எனக்கும்," என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். அந்த மனிதர் "சரி, அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அதன் பிறகு நாலு வாரம் பிரமிளா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மறுத்துவிடுகிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. கை போனால்தானே? ஆறு வருட ஆசையைத் தன் விரலால் கொல்ல அவளால் முடியவில்லை. தேதி தானாகப் போய்விட்டால் பாவம் தன் தலையில் விழாது என்று ஒரு கணக்குப் போட்டாள். ஆனால் பயந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். விதிமுறைத் தாள் முப்பத்திரண்டு பக்கத்தையும் கேன்டீனில் ஒளித்துவைத்து வாசித்தாள். உபரித் துடுப்பு, எறிகயிறு, அடுப்புச் சாம்பலை அள்ளிவர இரும்புத் தட்டு, ஆறு நாள் கழிவையும் அடைத்து எடுத்துவரப் பெட்டி. கழிவைக்கூட ஆறு விடாமல் திருப்பி அனுப்புகிறது, மனுசரைத்தான் என்ன செய்யுமோ தெரியாது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோக்களில் படகு கவிழும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தலைகளை எண்ணினாள். நாலு தலையும் மேலே வரும்வரை மூச்சு விடமாட்டாள். தூக்கத்தில் எண்ணினால் மட்டும் மூன்றுதான் வந்தது. எந்தத் தலை குறைந்தது என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பதினைந்து போய்விட்டது. ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கும்போது பிரமிளா பேரம்கூடப் பேசவில்லை. உடம்பே இறகு மாதிரி இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மதியம் ஒரு மணிக்கு ஜபருல்லா அவர்களுடைய ஃபிளாட்டுக்கு வந்தார். நோன்பு மாதம். பகலில் கடை கிடையாது, பொழுது போகவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்க முடியாத விருந்தாளிக்கு ஃபேனை மட்டும் வேகமாக வைத்துவிட்டு பிரமிளா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் அடுத்த வருடக் குலுக்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"அடுத்த வாட்டி நாலாவதுக்கு வேற ஆள் பாப்போம் பாய்," என்றார் புவனேஸ்வரன். "இவ பேரு ராசியே இல்ல. சேத்த வருஷமே ஊத்திக்கிச்சு."

நாலு வாரப் பயமும் ஒரு காலை நிம்மதியும் ஒன்றாகக் கலந்து பிரமிளாவின் தலைக்கு ஏறின.

"என் பேருக்கா ராசி இல்ல? என் பேருக்குத்தாங்க விழுந்துச்சு!"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா. எனக்குத்தான் விழுந்துச்சு. ஒரு மாசமா மறைச்சு வச்சிருந்தேன். பயமா இருந்துச்சு, சொல்லல. நேத்தோட தேதி முடிஞ்சிருச்சு. போதுமா?" சொல்லிவிட்டுத் துணியை மேசையில் வீசினாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

திட்டு வரவில்லை. ஜபருல்லா போனை எடுத்து எதையோ தட்டினார்.

"தங்கச்சி, நேத்து எங்கம்மா முடிஞ்சிச்சு? அங்க இப்பதான் ராத்திரி பதினொன்னே கால். அவங்களுக்கு இன்னும் பதினஞ்சாம் தேதிதான். முக்கா மணி நேரம் கெடக்குலா!"

பிரமிளா நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். முடிந்தது என்று மூடிவைத்த பயம் முழுசாகத் திரும்பி வந்தது. இப்போது அது அவளுடைய ரகசியம்கூட இல்லை, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜபருல்லா நல்ல மனிதர். "பேசிக்கிங்க" என்று சொல்லிவிட்டு ஜெயராஜுக்குப் போன் போடும் சாக்கில் வெளியே நடைபாதைக்குப் போனார்.

கணவர் குதிப்பார், கெஞ்சுவார், ஆறு வருடம் என்பார் என்று அவள் காத்திருந்தாள். புவனேஸ்வரன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுரு பிரமிளா. உனக்குப் பயம்னா வேணாம்."

குரல் சரியில்லை. இருபத்திரண்டு வருடம் கேட்ட குரல், அவளுக்குத் தெரியாதா? பெரிய மனசு பண்ணுகிற குரல் இல்லை அது. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"உங்களுக்கு என்னங்க?"

"எனக்கு என்ன?"

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "விழாதுன்னு நெனச்சுத்தான் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். விழாத வரைக்கும் நான் ஆத்துக்குப் போற ஆளு. ஹார்பர்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியலாம். விழுந்துட்டா போவணுமே. கிரேன் மேல ஏறி உக்காந்தா நேரா கீழ தண்ணி. இருபது வருஷமா ஒரு தடவகூட நான் குனிஞ்சு பாத்ததில்ல."

பிரமிளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வாரம் சோறு இறங்காமல், தூக்கத்தில் தலை எண்ணி, இந்த மனிதரின் கனவைக் கொல்கிறோமே என்று குற்ற உணர்ச்சியில் வெந்ததெல்லாம் இதற்கா? அவளுக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அடுத்து அவள் செய்ததைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுத்தமான கோபம். விறுவிறுவென்று போய் மடிக்கணினியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"ஒப்புதல் கொடுக்கப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? நீச்சல் தெரியாது ரெண்டு பேருக்கும்!"

"ஜூன் வரைக்கும் டைம் இருக்கு, கத்துக்குவோம். நான் வேணான்னு விட்டா அடுத்த டிசம்பர்ல மறுபடியும் பாரம் எடுத்துக்கிட்டு எங்கிட்டதான் வருவீங்க. மறுபடியும் நான் சாவணும். வருஷா வருஷம் சாவறதுக்கு ஒரே வாட்டி போய்ட்டு வந்துருவோம்."

சொல்லும்போதே விரல் தன் வேலையைச் செய்தது. பாஸ்போர்ட் எண், படகின் அளவு, உயிர்காப்பு அங்கி எத்தனை, கழிவுப் பெட்டி உண்டா. ஒரு கேள்விக்கும் அவள் தாளைப் புரட்டவில்லை. படகு கவிழ்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தது. தலைகளை எண்ணுவேன் என்று எழுதினாள். புவனேஸ்வரன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று வாசித்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. குறித்த நாளில் குழு கரை சேராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? பயணத்தில் வராத ஒருவரின் பெயர் மட்டும்.

இப்படிக் கேட்கிற பாரங்களில் அவள் எப்போதும் யோசிக்காமல் புவனேஸ்வரன் என்றுதான் எழுதுவாள். அவர் பாரத்தில் பிரமிளா என்று எழுதுவாள். பள்ளியில், ஆஸ்பத்திரியில், தொழிற்சாலையில் எல்லாம் அப்படித்தான். இந்தத் தடவை இருவரும் ஒரே படகில் இருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள் காமினி.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுவோமா?" என்றார் புவனேஸ்வரன்.

"கேட்டா விடமாட்டா."

ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. அதை அடிக்க பிரமிளாவுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. கோபமெல்லாம் எங்கேயோ வடிந்துபோய், அடியில் பயம் மட்டும் அப்படியே கிடந்தது. உறவு என்ற கட்டத்தில் மகள் என்று நிரப்பினாள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. தோளில் கை ஒன்று விழுந்தது, அவள் கையைப் போலவே சில்லென்று ஈரமாக இருந்தது. அந்தக் கையைத் தட்டிவிடாமல் பிரமிளா பொத்தானை அழுத்தினாள்.