ரிலேயில் சொருகிய தீக்குச்சி

சாலைக் கடைத்தெருவில், குற்றாலலிங்கம் பிள்ளையின் மாவு மில் முன்னால் காலை ஏழு மணிக்கே வரிசை தெருவை எட்டிவிட்டது. 1974 ஓணத்துக்கு இன்னும் நான்கு நாள். விடாத மழை. ஊறவைத்த அரிசியை உலர்த்த வழியில்லாமல் ஈரத்தோடு தூக்குவாளிகளில் கொண்டுவந்திருந்தார்கள். ஈர அரிசி கல்லில் அப்பும், மோட்டார் திணறும். மில் ஓட்டும் திரவியத்துக்கு அது தெரியும்.

தெரிந்ததால்தான் போன வருஷம் அவன் ஒரு பெட்டி செய்து மாட்டினான். மோட்டார் திணறினால் தானே நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயைக் கடையில் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. திரவியம் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து, அதிலிருந்த தகடுகளை மோட்டார் ஒயரைச் சுற்றி வளையமாக அடுக்கி, மேலே மெல்லிய செம்புக் கம்பி சுற்றினான். மோட்டார் அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் பெட்டிக்குள் அவன் வைத்த சின்னப் பழைய ரிலேயின் நாக்கு டக்கென்று நகரும், மோட்டார் நின்றுவிடும். மொத்தச் செலவு ஒரு வேட்டி விலைகூட இல்லை.

அன்று பத்து மணிக்குள் அது ஐந்து முறை மோட்டாரை நிறுத்தியது.

"என்னவே, ஒம்ம பெட்டிக்கு ஓணம் லீவா?" என்றார் முதலாளி.

"சேட்டா, இது மில்லோ பஸ் ஸ்டாப்போ?" என்றாள் வரிசையில் நின்ற மலையாளத்துக்காரி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மில்லில் அரிசி கொட்டும் வேலை பார்க்கும் மாடம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கொறச்சுப் போடட்டா அண்ணே? நல்ல ஈரமாக்கும்."

"நீ போடு. நான் பாத்துக்கிடுதேன்."

திரவியம் பெட்டியைத் திறந்து, நாக்கு நகராதபடி ஒரு தீக்குச்சியைச் சொருகி மூடினான். அதன் பிறகு மோட்டார் நிற்கவே இல்லை. "அப்படி வாரும் வழிக்கு," என்றார் முதலாளி. அப்போது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குக் கருகல் நாற்றம் வந்தது. அடுத்த நொடி மோட்டாரிலிருந்து புகையும் தீயும். புகைக்குள் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்தது மாடம்மாள். திரவியம் முதலில் இழுத்தது தீக்குச்சியை.

"இப்படி அள்ளிக் கொட்டுனா மோட்டார் என்னட்டி செய்யும்? நாளையிலேருந்து நீ வரண்டாம்!" என்று முதலாளி கத்தினார்.

மாடம்மாள் தீயில் வெந்து கொப்புளம் போட்ட கையை ஊதிக்கொண்டே, "அண்ணே, நீங்கதானே போடச் சொன்னிய?" என்றாள்.

திரவியம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொறச்சுத்தான் போட்டிருக்கணும்," என்றான்.

முதலாளி பெட்டியைப் பிடுங்கி மூலையில் எறிந்தார். "இதுவும் ஒண்ணுக்கும் ஆகாது."

மறுநாள் காலை வாடகை மோட்டார் வந்து இறங்கியது. வரிசையும் வந்தது. மாடம்மாள், விட்டுப்போன குடையை எடுத்துப்போக வந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

திரவியத்தின் சட்டைப் பையில் தீக்குச்சி இருந்தது. அதை எறிய அவனால் முடியவில்லை. எடுத்து முதலாளியின் மேஜைமேல் வைத்தான்.

"பெட்டி கெட்டுப்போகல மொதலாளி. இதச் சொருகி அத அடைச்சது நான். கொறச்சுப் போடட்டான்னு மாடம்மாள் கேட்டாளே, நான்தான் போடச் சொன்னேன். பழிய அவ தலையில விட்டதும் நான்தான்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

"நேத்தே ஏன்வே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம் குச்சி வைக்கும்போது வந்திருக்கணும்," என்றாள் மாடம்மாள், வாசலில் நின்றபடியே.

"ஆமா. மோட்டார் நின்னா நாலு பேர் சிரிப்பாங்க, அவ்வளவுதான். நிக்கவிடாம ஓட்டுனா ஆளே போயிரும். சிரிப்புக்குப் பயந்து, ஆபத்தச் சொன்ன பெட்டியோட வாய அடைச்சேன். அது கெட்டிக்காரத்தனம் இல்ல மொதலாளி, கோழைத்தனம்."

முந்தின நாள் கேலி செய்தவர்களில் முதலாளியும் ஒருவர். அவர் தீக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடம்மாளிடம், "உள்ள வா. கை ஆறுற வரைக்கும் சும்மா உக்காந்து தூக்கு வாங்கி வை," என்றார்.

அவள் உடனே உள்ளே வரவில்லை. மூலையில் கிடந்த பெட்டியைக் காட்டினாள்.

"மொதல்ல அத மாட்டுங்க அண்ணே. மூடி வேண்டாம். உள்ள என்ன சொருகியிருக்குன்னு நானும் பாக்கணும்."