நீலச்சட்டைக்காரனின் விசில்

நீலச்சட்டைக்காரன் விழுந்துகொண்டிருக்கிறான், கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி, முதுகு வளைந்து, வாய் பிளந்து, பின்னால் துறைமுகத்தில் பெயர் தெரியாத கப்பல் ஒன்று, வானம் முழுக்க மஞ்சள், அவன் தரையைத் தொடுவதற்குள் ரூபன் கைபேசித் திரையை மேலே தள்ளிவிட்டுக் கீழேயிருக்கும் பாராட்டுகளுக்குப் போய்விடுகிறான், தொடுவதைப் பார்க்க அவனுக்குச் சகிக்காது, ஏனென்றால் விழுகிறவன் ரூபனின் ஆள், தூத்துக்குடியில் லாசர் அண்ணனின் வீடியோ கேம் கடையில், சண்டை விளையாட்டு ஒன்றில், பதினைந்து வயதில் ரூபன் எப்போதும் எடுத்து ஆடிய, எப்போதும் தோற்ற ஆள், அவனை அடித்துச் சாய்த்துக்கொண்டே இருந்தவன் கிளாட்சன், அதே கிளாட்சன்தான் இப்போது டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சண்டை விளையாட்டின் இசையை எடுத்து, அதிலிருந்த முரட்டுத்தனத்தையெல்லாம் வழித்துப்போட்டுவிட்டு, பெரிய ஓட்டல் வரவேற்பறைகளில் மெல்லக் கசியுமே ஸ்மூத் ஜாஸ், அந்தப் பதத்தில் சாக்ஸபோனில் வாசித்து யூடியூபில் போட்டிருக்கிறான், மூன்று லட்சம் பேர் கேட்டாயிற்று, படத்துக்கு ரூபனின் ஆள்தான் கிடைத்தானா, உலகமே பார்க்க விழவைத்திருக்கிறானே படுபாவி. பிரேசிலில் ஒருத்தி அழுதுவிட்டாளாம், போலந்தில் ஒருவன் தன் கல்யாணத்துக்கு இதைத்தான் போடப்போகிறானாம், போடட்டும், நன்றாக இருக்கட்டும், ரூபனுக்கு வயிறு எரிகிறது, வேறு நல்ல வார்த்தை சொல்லி மறைக்க என்ன இருக்கிறது, எரிகிறது, அவ்வளவுதான்.

இது இன்று நேற்று பிடித்த நெருப்பும் இல்லை, அந்த வயதில் மாதா கோயில் பேண்டில் சாக்ஸபோன் ஒன்றே ஒன்று, சூசை மாஸ்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி ஊதச்சொல்கிறார், ரூபன் கன்னம் உப்ப ஊதுகிறான், அவன் முன்பற்களுக்கு நடுவே தீக்குச்சி நுழைகிற சந்து, பாதிக் காத்து இதுலயே போயிருதுல்லா, நீ டிரம்மைத் தூக்குலே என்கிறார் மாஸ்டர், தீர்ந்தது கதை, அதன்பிறகு சப்பரத்துக்கு முன்னால் கிளாட்சன் ஊதிக்கொண்டு போவான், மாடிகளிலிருந்து பெண்பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், பின்னால் டிரம்மின் கனத்தில் சாய்ந்தபடி ரூபன் வருவான், அவனை எந்த மாடியும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆனால் லாசர் அண்ணன் கடை, சண்டை மிஷின் அங்கே ஒன்றுதான், ஜெயித்தவன் அப்படியே நிற்பான், தோற்றவன் விலகவேண்டும், அடுத்து ஆடுகிறவர்கள் தங்கள் சீப்பை மிஷின் தலைமேல் வரிசையாக வைக்கவேண்டும், அது அந்தக் கடையின் சட்டம், பின்பாக்கெட்டில் சீப்பு இல்லாதவனுக்கு ஆட்டம் கிடையாது, ரூபனின் பச்சைச் சீப்பு மெல்ல மெல்ல நகர்ந்து முதலிடத்துக்கு வரும், ஒரே நிமிடம், நீலச்சட்டைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு சாய்வான், சீப்பு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகும், கிளாட்சன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், அடுத்த ஆள் வாலே என்பான்.

மெல்பா சாளை மீனுக்குச் செதில் எடுக்கிறாள், கையெல்லாம் செதில், முழங்கையால் கைபேசியைத் தட்டி அதையே திரும்பப் போடுகிறாள், என்னங்க, ஒங்க கூட்டுக்காரருக்குக் கையில என்னமோ இருக்கு, கேக்க கேக்க அலுக்கல பாருங்க என்கிறாள், கட்டிக்கொண்டு பதினான்கு வருடத்தில் ரூபன் எதைச் செய்து அவளுக்கு அலுக்காமல் இருந்தது, யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்பிங் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான், சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரே வேலையாக அந்த விளையாட்டின் அசல் இசையைத் தேடினான், கிளாட்சன் எங்கேயாவது சறுக்கியிருப்பான், ஒரு சுரமாவது தப்பாமலா இருக்கும், தேடி எடுத்துக் கேட்டான், கேட்டவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஒரு சுரமா, மெட்டே தப்பு, அசலில் கித்தார் தடதடவென்று ஓடுகிறது, கிளாட்சன் ஊதுவதோ இழைந்து இழைந்து இறங்கி, கடைசியில் குறும்பாக ஒரு துள்ளல், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, மாட்டிக்கிட்டியா மக்கா என்று ரூபன் வாய்விட்டே சொன்னான், அத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவன் சாப்பாட்டு நேரம் கழிந்ததில்லை. பாராட்டுகளுக்கு நடுவே எழுத ஆரம்பித்தான், ஐயா, அசல் மெட்டே இது இல்லை, தெரியாமல் ஊதியிருக்கிறார், இவரைப் போய், அதற்குள் பியூன் வந்து சார் டீ சொல்லவா என்று கேட்டதால் வலது காதிலிருந்ததைக் கழற்றினான், அசல் இசை இன்னும் இடது காதில் ஓடிக்கொண்டிருந்தது.

கித்தாரும் மெட்டும் வலது காதோடு போய்விட்டன, இடது காதில் தும்தும் என்று அடித்தாளமும் அதற்கு மேல் இரண்டொரு மெத்தென்ற சுரங்களும் மட்டும், ரூபனின் முதுகில் யாரோ இடிக்கிறார்கள், வியர்வை நாற்றம், சிகரெட் நாற்றம், அவன் லாசர் அண்ணன் கடைக்குள் நிற்கிறான், அந்த மிஷினுக்கு வலப்பக்க ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது, ஒரு நாளும் சரிசெய்யவில்லை, அந்தக் கடையில் அந்த விளையாட்டின் மெட்டை யாருமே கேட்டது கிடையாது, அப்புறம் கிளாட்சன் ஊதுகிற மெட்டு எங்கேயிருந்து வந்தது, டீ வேணுமா வேண்டாமா சார், கிளாட்சன் குனிந்து ஆடுகிறான், அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு ரூபன் பல்சந்து வழியாக விசிலடிக்கிறான், அவன் கவனத்தைக் கெடுக்க, கை தடுமாற, ஒரே ஒரு தடவையாவது தோற்க, தும்தும் ஓட ஓட அதன்மேல் இழைந்து இழைந்து இறங்கி, கடைசியில் குறும்பாக ஒரு துள்ளல், லே விசிலை நிப்பாட்டு, கடைக்குள்ள பாம்பு வந்துரும் என்று லாசர் அண்ணன் கத்துகிறார், ரூபன் நிறுத்தவில்லை, தினமும் அடித்தான், இரண்டு வருடம் அடித்தான், வேண்டாம் என்று பியூனிடம் சொல்லிவிட்டு எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

அதோடு வயிறு குளிர்ந்திருக்க வேண்டாமா, குளிரவில்லை, முன்பு மற்றவனின் வித்தையைப் பார்த்து எரிந்தது, இப்போது தன்னுடையதைப் பார்த்தே எரிந்தது, என்னுடைய விசில் என் வாயில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லையே, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் அந்தச் சந்தை அடைத்துவிட்டாள், அடைத்ததோடு விசிலும் போயிற்று, பஸ்ஸில் வரும்போது அடித்துப் பார்த்தான், வெறும் காற்று, பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கிளாட்சன் போனில் கூப்பிட்டான், லே ரூபா, கேட்டியாலே, கேட்டேன் என்றான் ரூபன், எப்பிடி இருக்கு, ஊரே நல்லாருக்குங்கு, ஒன் வாயால வந்தாத்தான் எனக்கு நம்பிக்க, பரவால்ல என்றான் ரூபன், அந்த ஒரு வார்த்தையை வெளியே எடுக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கிளாட்சன் குரலைத் தாழ்த்தினான், மக்கா, ஒரு சிக்கலு, இந்த மெட்டு அந்த கேம்ல எங்க வருதுன்னு ஆளாளுக்குக் கேக்கான், நானும் தேடாத இடமில்ல, எதுலயும் இல்ல, புளுகுதேன்னு ஒருத்தன் எழுதிட்டான், ஆனா நாம கேட்டோம்லா, கேக்காமலா எனக்கு மனப்பாடமா இருக்கு, நீதான எனக்குப் பின்னாலயே நிப்ப, ஒனக்கு ஞாபகம் இருக்கும்லா. தெரியலலே என்று ரூபன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளாட்சன் புளுகனாகவே நிற்பான், முதல் தடவையாக வாயைப் பிளந்துகொண்டு சாய்வான், அடுக்களையில் மெல்பா தேங்காய் துருவிக்கொண்டே அதை முணுமுணுக்கிறாள், இழைந்து இழைந்து இறங்குகிறாள், ரூபனின் மெட்டு, கிளாட்சனின் பெயரில், கடைசித் துள்ளல் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, உதட்டைக் குவித்து போனுக்குள் ஊதினான், சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது, ஆனாலும் இழைந்து இறங்கியது, குறும்பாகத் துள்ளியது.

நீதானாலே, என்றான் கிளாட்சன் மெதுவாக, நாந்தான், ஒன்னயத் தோக்கடிக்கத்தாம்லே ஊதுனேன், ஒன்னப் பாத்து அவ்வளவு பொறாம எனக்கு, இப்பமும் இருக்கு, சொல்லிவிட்டு ரூபன் கட்டிலில் உட்கார்ந்தான், தோக்கடிக்கவா, கிளாட்சன் சிரித்தான், கிறுக்குப்பயலே, நீ ஊதுறத நிப்பாட்டுனா எனக்குக் கையே ஓடாது, அந்தத் தாளத்துலதாம்லே அடிச்சேன், நீ காய்ச்சல்ல வராத அன்னைக்கெல்லாம் கண்டவன்கிட்டயும் தோத்தேன், ஒங்கிட்டச் சொல்லுவேனா. ரூபன் நெற்றியில் அடித்துக்கொண்டான், வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் ஒரு ஆட்டமாவது ஜெயித்திருக்கலாமே, இரண்டு வருடம் அவன் வெற்றிக்கு இவனல்லவா ஊதியிருக்கிறான், ஒன் பேரப் போடட்டுமா மக்கா என்றான் கிளாட்சன், போடு, ஒன் பேருக்கு மேல போடு என்றான் ரூபன், போட்டுட்டாப் போச்சு, ஒன் ஆளத்தான படமாவும் வச்சிருக்கேன், பாக்கலியா, பாத்தேன், விழுந்துட்டு இருக்கான் என்றான் ரூபன், லே, முழுசாப் பாருலே.

போனைக் காதிலிருந்து எடுத்து அந்த வீடியோவைத் திறந்து பார்க்கிறான், இந்தத் தடவை மேலே தள்ளவில்லை, மஞ்சள் வானம், கப்பல், கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி, முதுகு வளைந்து, தரைக்கு நாலு விரல் மேலே நீலச்சட்டைக்காரன் அப்படியே நிற்கிறான், பிறகு வளைந்த முதுகு நிமிர்கிறது, பிளந்த வாய் மூடுகிறது, பின்னோக்கி எழும்பி வந்து கால் இரண்டையும் ஊன்றி, முட்டியை மடக்கி நின்றுவிடுகிறான், அடியில் சாக்ஸபோன் இழைந்து இறங்கித் துள்ளுகிறது, எரிச்சல் அப்படியே இருந்தது, லைன்ல இருக்கியா ரூபா என்று கிளாட்சன் கத்திக்கொண்டிருந்தான், இவ்வளவு நல்லா ஏம்லே ஊதுன, நாசமாப் போறவனே, என்றான் ரூபன்.