கல்லாகும் இடுப்பு

அந்த ஊரில் தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களுக்குப் பயம் முற்றினால் இடுப்பு கல்லாகிவிடும். ஆஸ்பத்திரியில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. நர்ஸ் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். டொக்கென்று கேட்டால் துணையக்காவைக் கூப்பிடுவாள். வலி நேரம் முழுக்கக் கூடவே இருந்து, முதுகையும் இடுப்பையும் பிடித்துவிடுவதுதான் துணையக்காவின் வேலை. எண்ணெயைச் சூடாக்கி, உள்ளங்கையின் அடியால் வட்டம் வட்டமாக அழுத்தி, நீளமாக மூச்சுவிடச் சொல்லித் தானும் கூடவே விடுவாள், கல் இளகிவிடும். இத்தனை வருஷத்தில் இளகாமல் போனது ஒரே ஒரு தடவைதான். அந்தப் பெண்ணைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் துணையக்காவுக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல், "பயப்படாதே" என்று சிரித்தபடிதான் ஆரம்பிப்பாள்.

துணிக்கடையில் அளவெடுக்கும் பெண் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தாள். வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அங்கே வழக்கம். அம்மா வந்து பயப்படாதே என்றாள். புருஷன் அதையே சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடினான். மாமியார் இரண்டு தடவை வந்து சொன்னாள். அளவெடுக்கும் பெண் தன் முதுகைத் தடவிப் பார்த்து, "கல்லு நாலு இன்ச் ஏறிருச்சுக்கா," என்றாள். அவள் விரல் அளவு தப்பாது. குழந்தையின் இதயத் துடிப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பதுபோல மங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "பயப்படாதேம்மா," என்றபோது துணையக்காவின் உள்ளங்கைக்கு அடியிலேயே கல் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

அந்த வார்த்தைதான் கல்லை ஏற்றுகிறது என்று அப்போதுதான் துணையக்காவுக்கு உறைத்தது. அந்த ஆறு பேர் தூக்கிய பெண்ணிடம் தான் எத்தனை தடவை அதைச் சொன்னோம் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மூன்றாம் தடவையாக வந்த மாமியாரின் வாயில் பாதி வார்த்தை இருக்கும்போதே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தால், அவள் விரல்களே விறைக்கத் தொடங்கியிருந்தன.

"அக்கா, உங்க விரலும் கல்லாகுது."

"ஆமா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும்."

அளவெடுக்கும் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் பயங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். கிழிந்துபோவோமோ, செத்துப்போவோமோ, பிள்ளை முகத்தைப் பார்த்துப் பாசமே வராமல் போய்விடுமோ. துணையக்கா எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. "ம்" என்றாள், அழுத்தினாள். வலி வந்தபோது இருவரும் சேர்ந்து மூச்சுவிட்டார்கள், சேர்ந்தே அழுதார்கள். கல் முதலில் வியர்த்தது, பிறகு ஓரம் இளகியது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியது. கதவு திறந்ததும் மாமியார் மிச்சப் பாதியைச் சொல்லி முடித்தாள். இனி யாருக்கும் பாதகமில்லை.

துணையக்காவின் வலது கையில் மட்டும் இரண்டு விரல்கள் கல்லாகவே நின்றுவிட்டன. இப்போது அவள், "என்ன பயம், சொல்லு," என்றுதான் ஆரம்பிக்கிறாள். தன் பயத்தையும் சொல்லிவிடுகிறாள். அந்தப் பயம் ஒரு பிரசவத்தில்கூடக் குறைந்ததில்லை. வலி உச்சத்தில் இருக்கும் பெண்களுக்கு அந்த இரண்டு விரல்கள்தான் சில்லென்று இதமாக இருக்கின்றனவாம். உள்ளே வந்ததுமே அந்தக் கையைக் கேட்கிறார்கள்.