நித்திரையடைந்தவர்

காலை பதினொன்றேகால் மணிக்குக் கோயில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மணிக்காரருக்கு அந்த அழைப்பு வந்தது. பேசியது தையல்காரம்மா. மணிக்காரருடைய அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர்வீடு.

"தோத்திரம்ண்ணே. நம்ம ஜெபத்த ஆண்டவர் கேட்டுட்டாரு. உங்க அண்ணன் நித்திரை அடைஞ்சிட்டாரு. இப்பதான், பத்து நிமிஷம் இருக்கும்."

மணிக்காரர் துணியைக் கீழே வைத்தார். "கஷ்டப்பட்டாரா?"

"இல்லண்ணே. என்னத் திட்டிக்கிட்டே இருந்தாரு, பாதித் திட்டுல அப்படியே போயிட்டாரு. முகத்துல அவ்வளவு அமைதி. சபையில எல்லாருக்கும் சொல்லிருங்க. ஜெபம் பண்ணினவங்களுக்குத் தெரியணும்ல."

அந்தச் சபையில் யாரும் சாவதில்லை. நித்திரையடைவார்கள். இருபத்தாறு வருடமாக அறிவிப்புப் பலகையில் அந்தச் சொல்லைச் சுண்ணக்கட்டியால் எழுதிவருபவர் மணிக்காரர்தான். தையல்காரம்மாவின் குரலில் இருந்த சந்தோஷம் அவரைச் சற்று உலுக்கியது. பிறந்ததிலிருந்து கோயிலில் கிடப்பவர்களே சவப்பெட்டியைக் கண்டால் மாரில் அடித்துக்கொள்கிறார்கள். சபைக்கு வந்து இரண்டே வருடம் ஆன இவளுக்கு இவ்வளவு விசுவாசமா என்று நினைத்துக்கொண்டார். போன ஞாயிறு ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்று, "அவர் ரொம்பப் பாடுபடுறாரு, ஆண்டவர் சீக்கிரம் இளைப்பாறுதல் குடுக்கணும்" என்று கேட்டவளும் அவள்தான். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. மணிக்காரரின் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பன்னிரண்டு வருடம். கடைசல் பட்டறையில் நாற்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய அண்ணனுக்கு நாக்கும் இரும்பாகவே ஆகிவிட்டிருந்தது. சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "இவனுக்கு மணிக்கயிறு இழுக்கிறதத் தவிர என்ன தெரியும்?" என்று கேட்டார். "உனக்கும் நான்தான் இழுப்பேன், பாத்துக்க" என்றார் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் பக்கமே வரவில்லை. தனியாளான அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு போதகர் இரண்டு முறை பார்க்கப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார்.

யாராவது நித்திரையடைந்தால் மணியில் வயதுக்கு ஒரு அடி என்பது அங்கே வழக்கம். அண்ணனுக்கு அறுபத்தெட்டு. மணிக்காரர் கயிற்றைப் பிடித்தார். சொன்னபடி நடந்துவிட்டது. பத்து வரை கணக்கு சரியாக இருந்தது. இருபதில் ஏதாவது ஒரு நிறைவு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கை மட்டும் கனத்தது. அண்ணன் வீட்டுக்கு நாலு மாடி ஏறி, "நான் வந்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் எங்கோ நாற்பதில் வந்தது. அதன் பிறகு எண்ணிக்கை போய்விட்டது. அண்ணனுக்கு நாலைந்து வயது கூடுதலாகவே கிடைத்திருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் பதினைந்து பேர் மலர்வளையத்தோடு அந்த நாலு மாடியை மூச்சிரைக்க ஏறினார்கள். முன்னால் போதகர், கடைசியில் மணிக்காரர். கதவைத் திறந்த தையல்காரம்மா கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே வாயில் விரலை வைத்தாள்.

"இத்தன பேரா? தோத்திரம். செருப்ப மெதுவாக் கழட்டுங்க. சத்தம் வேணாம்."

பாட்டுக்குழு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்தாள். அப்போது உள்ளறையிலிருந்து, மரத்தை அறுப்பதுபோல நீளமாக ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"ஏம்மா, என்ன அது?"

"குறட்டைக்கா. ஒன்பது நாளா பொட்டுத் தூக்கம் இல்ல அவருக்கு. இன்னிக்குத்தான்."

போதகர்தான் கேட்டார். "நித்திரை அடைஞ்சிட்டாருன்னு சொன்னியாமே?"

"ஆமாங்கய்யா. சபைக்காரங்ககிட்டப் போய்த் தூங்குறாருன்னு மொட்டையாச் சொல்லலாமா? நீங்கல்லாம் அப்படித்தான மரியாதையாச் சொல்றீங்க." அதற்குள் அவள் கண் மலர்வளையத்தில் விழுந்தது. புரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

பாட்டுக்குழு அக்கா, "செத்தாத்தான் வருவோம்னு ஆயிடுச்சு பாத்தீங்களா" என்றாள் யாரையும் பார்க்காமல். போதகர் மலர்வளையத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். பாதிப் பேர் சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டார்கள்.

மணிக்காரர் அறைவாசலில் நின்று பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். வேலையையே அவள் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனின் இடுப்புக்கடியில் வெட்டுத்துணி அடைத்துத் தைத்த வளையம் ஒன்று. அதுபோலவே சரிவராத ஆறு வளையங்கள் மூலையில் கிடந்தன. சுவரில் துணி வெட்டும் சாக்குக்கட்டியால் வரிசையாக எழுதியிருந்தது: ஐந்து இடது, ஏழு வலது, ஒன்பது இடது, பதினொன்று வலது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்ண்ணே. விட்டா புண்ணு வாயத் தொறந்துக்கும். ஏழாவது வளையந்தான் உக்காந்துச்சு. வலி கொறஞ்சதும் கண்ணு சொக்கிட்டாரு."

"உன்னத் திட்டுவாரே."

"நேத்து கழுதைன்னாரு. கழுதைக்கு இடுப்பு ஒடியுது, கொஞ்சம் ஒத்தாசையாப் பொரளுங்கன்னேன். சிரிச்சிட்டாரு."

"அப்புறமும் எதுக்கு வர்ற?"

அவளுக்குக் கேள்வியே விளங்காததுபோல இருந்தது. "எதிர்வீடுண்ணே. கதவத் தொறந்தா அவரு கதவு. வேற எங்க போறது?"

மணிக்காரர் தரையைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறார். ஒன்றிலும் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை மணிச்சத்தம் கேட்டா, தம்பி இழுக்குறான், தாளங்கெட்ட பயன்னு சொல்லுவாரு. அப்ப யாரையும் பேசவிட மாட்டாரு, முடியறவரைக்கும் கேப்பாரு. இன்னிக்கு அவ்வளவு நேரம் அடிச்சும் அசையல." அவள் நிமிர்ந்தாள். "இன்னிக்கு யாருக்குண்ணே அடிச்சீங்க?"

மணிக்காரரின் கண் அண்ணன் பக்கம் போனது. அவளும் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பினாள்.

"வந்தவங்க வந்தீங்க, சும்மா நிக்காதீங்க" என்றாள் மிச்சம் இருந்தவர்களிடம். போதகர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அழுக்குப் படுக்கைவிரிப்புகளை வாளியில் முக்கினார். அவர் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். பாட்டுக்குழு அக்கா சமையலறையில் கஞ்சி வைத்தாள்.

ஒரு மணி ஆனது. "இடது" என்றாள் தையல்காரம்மா. "நீங்க தோளுக்கடியில குடுங்கண்ணே. நான் இடுப்பப் பிடிச்சுக்கறேன். சட்டுன்னு இழுக்காதீங்க, இது கயிறு இல்ல."

மணிக்காரர் குனிந்து இரண்டு கைகளையும் அண்ணனின் முதுகுக்கடியில் நுழைத்தார். சூடாக இருந்தது. எலும்பும் தோலுமாக ஆன பிறகும் இரும்புக்காரனின் கனம். பாதி புரட்டியபோது குறட்டை நின்றது. அண்ணனின் கண்கள் திறந்தன. ஒரு சாண் தூரத்தில் தம்பியின் முகம். கீழே விடவும் முடியாது, விலகவும் முடியாது.

"அப்படியே நில்லுங்கண்ணே, வளையத்த நகத்திக்கறேன்" என்றாள் தையல்காரம்மா.

அண்ணனின் நல்ல கை காற்றில் துழாவியது. கட்டில் சட்டத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. பிறகு தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தது. விழாமல் இருக்கப் பிடித்த பிடி அது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்து, தலையணை சரியாகி, அவள் "போதும்" என்று சொன்ன பிறகும் விரல்கள் அப்படியே இருந்தன. மணிக்காரர் குனிந்தபடியே நின்றார், அண்ணனின் மூச்சு அவர் கழுத்தில் பட்டுப் பட்டுப் போனது.