மூன்று அழைப்பு

முப்பத்தொரு வருடம் நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிட்டவன் நான். மூன்று முறை அழைப்பேன். அதற்குள் வராதவர் ஆஜராகவில்லை என்று உள்ளே எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் என் முதல் அழைப்புக்கே, தெருக்கோடித் தேநீர்க் கடையில் இருக்கும் சாட்சி டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார்.

மகளுக்குக் கருப்பை வாயில் புற்று. மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவன் நான்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக மருந்து ஏறும். நடுவில் காய்ச்சல் கண்டு, கிருமிக்கென்று பத்து நாள் வேறு ஊசி. அது முடிந்து வீடு திரும்பும்போது சொன்னாள்.

"அப்பா, காதுக்குள்ள கொய்ங்குனு கேட்டுக்கிட்டே இருக்கு."

"மருந்துச் சூடு. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 'செவிட்டு வீடு' என்று சொல்லி என் தங்கைகளுக்கு வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. அன்றிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

அடுத்த முறை டாக்டரம்மா மகளைப் பார்த்துத்தான் கேட்டார். "காதுல இரைச்சல், மந்தம் ஏதாவது இருக்காம்மா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாது" என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அதே மருந்து இன்னும் மூன்று முறை ஏறியது.

நோய் போயிற்று. வெறுங்கையோடு போகவில்லை.

காதுச் சோதனைக்கு மகளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சிறிது நேரத்துக்குப் பின் அவள் விரல் அசையவே இல்லை.

"கனத்த குரல் கேக்கும். மெல்லிசுக் குரல், மணிச் சத்தமெல்லாம் கேக்காது. போனது திரும்பாது" என்றார் டாக்டரம்மா, எனக்கும் மகளுக்கும் பொதுவாக, ஓங்கிய குரலில். "இரைச்சல்னு அப்பவே சொல்லியிருந்தா மருந்தை மாத்திப் பாத்திருப்போம்."

"நான்தான் டாக்டர் பெருசா எடுத்துக்கல" என்றாள் மகள். என் மானத்தை அவள் காப்பாற்றினாள்.

நேற்று மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். பேத்திக்கு ஆறு வயது. கீச்சுக்குரல், அதனால் சிட்டு என்போம். வாசற்படியில் நின்று "அம்மா" என்றது. மறுபடி "அம்மா". மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தது.

"தாத்தா, நீங்க கூப்பிடுங்க. உங்க சிங்கத் தொண்டைதான் அம்மாவுக்குக் கேக்கும்."

"என்ன சொல்லணும்?"

"பல்லு ஆடுதுன்னு சொல்லுங்க. ரத்தம் வரலன்னும் சொல்லுங்க. இல்லாட்டி அம்மா பயந்துக்கும்."

எத்தனையோ ஆயிரம் பேரைக் கூப்பிட்ட அதே குரலில் மகளின் பெயரைச் சொன்னேன். முதல் அழைப்பிலேயே திரும்பினாள்.

"பல்லு ஆடுதாம்மா. ரத்தம் இல்லையாம்."

"யாருக்குப்பா, உங்களுக்கா?"

சிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. மகள் தையலை நிறுத்திவிட்டு, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.